80-களின் உடை: பழசைத் தேடுவதா, இருப்பதைத் திருத்துவதா, புதிதாகத் தைப்பதா?

80-களை மையமாக வைத்து ஒரு விருந்தோ, நாடகமோ, பள்ளி விழாவோ வருகிறது என்றால் பெரும்பாலும் எல்லோருடைய மனதிலும் ஒரே படம்தான் வரும். கண்ணைப் பறிக்கும் பச்சை டைட்ஸ், நெற்றியில் ஒரு பட்டை, கை நிறைய பிளாஸ்டிக் வளையல். அதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன வேஷம் என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் அந்தக் காலத்தில் இருபது வயதாக இருந்த ஒருவர் அங்கே நின்றால், தான் உடுத்திய எதுவும் அதில் இல்லை என்று அவருக்கு உடனே தெரியும். அவர்கள் அந்த உடைகளை வேடிக்கைக்காகப் போடவில்லை. முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கி, கண்ணாடி முன் நின்று சரிபார்த்து, அழகாக இருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு வெளியே போனார்கள். அந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழிகள் நான்கு இருக்கின்றன. வேஷத்துக்கென்றே பாக்கெட்டில் வரும் ரெடிமேட் உடை, உண்மையிலேயே அந்தப் பத்தாண்டில் தைக்கப்பட்ட பழைய உடை, இன்றைய உடையை வாங்கித் திருத்துவது, துணி எடுத்துப் புதிதாகத் தைப்பது. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நீங்கள் எந்தத் தோற்றத்தை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் முதலில் தோற்றத்தை முடிவு செய்துவிட்டு, அப்புறம் வழியைப் பார்ப்போம்.

எந்த வருடம்?

80-கள் என்று ஒரே உடை கிடையாது. 1981-ல் எடுத்த ஒரு குடும்பப் புகைப்படத்தையும் 1988-ல் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறு வேறு உலகம். தொடக்கத்தில் 70-களின் வாடை இன்னும் போகவில்லை. காவி, பழுப்பு, சந்தன நிறங்கள், மென்மையான துணிகள், பெரிய காலர்கள். கூடவே ஒரு காதல் கதைச் சாயலும் இருந்தது. 1981 ஜூலையில் பிரிட்டிஷ் இளவரசி டயானாவின் திருமண உடையில் உலகம் பார்த்த அந்தப் பெரிய பஃப் கைகளும் டஃபேட்டா என்ற விறைப்பான பளபளப்புத் துணியின் சரசரப்பும் அப்புறம் பல வருடங்கள் மணப்பெண்களின் உடைகளில் தொடர்ந்தன. லண்டனில் 'நியூ ரொமான்டிக்' என்ற இசை, உடை பாணியைப் பின்பற்றிய இளைஞர்கள் சுருக்கம் வைத்த சட்டைகளோடு அலைந்ததும், வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் தன் 'பைரேட்ஸ்' உடைத்தொகுப்பைக் காட்டியதும் அதே 1981-ல்தான்.

நடுப்பகுதி, அதாவது சுமார் 1983 முதல் 1986 வரை, தோள்களின் காலம். வடிவமைப்பாளர்கள் தியரி முக்ளேரும் கிளோட் மொன்டானாவும் பாரிஸில் கொஞ்ச நாளாகவே அகலமான தோள்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் தொடங்கிய 'டைனஸ்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நோலன் மில்லர் வடிவமைத்த உடைகள் அதைச் சாதாரண வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கொண்டுவந்தன. அலுவலகங்களில் மேல் பதவிகளுக்கு வரத் தொடங்கிய பெண்கள் அதையே தங்கள் கவசமாக எடுத்துக்கொண்டார்கள். இசை வீடியோக்களுக்கான எம்டிவி சேனல் 1981 ஆகஸ்டில் ஒளிபரப்பைத் தொடங்கியதால், பாடகர்கள் போட்டதை இளைஞர்கள் மறுநாளே தேட ஆரம்பித்தார்கள்.

நாம் '80-களின் நிறம்' என்று நினைக்கும் நியானும் திட்டுத் திட்டாக வெளுத்த ஆசிட் வாஷ் ஜீன்ஸும் சிலந்தி வலை மாதிரி தூக்கி நிறுத்திய முன்முடியும் பெரும்பாலும் பிற்பகுதிக்கு உரியவை. முடியில் போடும், துணி சுற்றிய எலாஸ்டிக் வளையமான ஸ்க்ரஞ்சிக்கு ரோமி ரெவ்சன் காப்புரிமை வாங்கியதே 1987-ல்தான். ஆகவே 1982-ன் உடற்பயிற்சி உடையோடு ஸ்க்ரஞ்சியைச் சேர்த்தால் காலம் இடிக்கும். இது யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றலாம். தெரிகிறதோ இல்லையோ, ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டால் தேடல் சுலபமாகிவிடும். 'ஏதாவது 80-கள்' என்று தேடினால் எல்லாமே பொருந்துவது போல் இருக்கும், எதுவும் ஒன்றோடொன்று சேராது. '1984, இருபத்தாறு வயது, அலுவலகத்தில் வேலை, மாலை நண்பர்களோடு வெளியே போகிறாள்' என்று எழுதி வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள், எந்தக் காலணி என்பதுகூடத் தானாகவே வந்துவிடும்.

பாக்கெட்டில் வரும் வேஷம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய பாலியஸ்டர், மடித்த கோடுகள் போகவே போகாது, ஓரங்கள் சில சமயம் மடித்துத் தைக்கப்படாமலே இருக்கும். ஜாக்கெட்டுக்குத் தோள் இருக்காது, தோளின் படம்தான் இருக்கும். நாளை மாலை விழா, கையில் எதுவும் இல்லை என்றால் வாங்கலாம். அப்போதும் உடையை விட்டுவிட்டு அதனோடு வரும் வளையல்களையும் காதணிகளையும் மட்டும் எடுத்துக்கொள்வேன். பிளாஸ்டிக் காதணி அன்றும் பிளாஸ்டிக்காகத்தான் இருந்தது.

அசல் பழைய உடை

மனதுக்கு மிகவும் நிறைவு தருவது இதுதான். பழைய உடைகள் விற்கும் இடங்களில், வீட்டுப் பரணில், பெரியம்மாவின் பீரோவில் எங்காவது ஒரு கம்பளி பிளேசர் தொங்கிக்கொண்டிருக்கும். அன்றைய துணியின் கனம் இன்றைய துணிகளில் அவ்வளவாக இல்லை. தோளில் போட்டவுடன் நிற்கும் விதமே மாறிவிடும். முதுகு நேராகும், கைகள் கொஞ்சம் விலகி நிற்கும். இந்த நிற்கும் விதத்தை, வாங்கித் திருத்திய உடையில் கொண்டுவர நிறைய மெனக்கெட வேண்டும்.

ஆனால் 'பழசு' என்று விற்கப்படுவதெல்லாம் 80-கள் இல்லை. தோளைத் தூக்கிக் காட்ட உள்ளே வைத்துத் தைக்கும் தோள் பேட் 90-களின் தொடக்கத்திலும் இருந்தது. அதனால் லேபிளைப் பாருங்கள். 'மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்று இருந்தால் 1990-ல் ஜெர்மனி ஒன்றாவதற்கு முந்தையது. அமெரிக்காவில் விற்ற உடையில் துவைக்கும் முறை வாக்கியமாக எழுதப்படாமல் வெறும் குறியீடுகளாக மட்டும் இருந்தால் அது 1997-க்குப் பிந்தையது, அதற்கு முன் அங்கே எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய உடைகளில் குறியீடுகள் முன்பே இருந்தன, அங்கே இந்தச் சோதனை உதவாது. அமெரிக்கப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்பு, வெள்ளை, நீல முத்திரை உள்ளே தைத்திருந்தால் 1995-க்கு முந்தையது என்று நம்பலாம், அந்த வருடம் அச்சங்கம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. லேபிளில் இணைய முகவரி இருந்தால் திரும்ப மாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அளவு எண்ணை நம்பவே வேண்டாம். அன்று ஓர் எண் காட்டிய அளவை விட இன்று அதே எண் பெரியது. லேபிளில் உங்கள் எண் இருக்கிறதே என்று வாங்கினால் இடுப்பில் பொத்தான் எட்டாது. அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோய், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு உடையின் தோள், மார்பு, இடுப்பு அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எது கெட்டுப்போயிருக்கும் என்பது. ஒருமுறை கருநீலத்தில் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். வெளியே ஒரு குறையும் இல்லை, பொத்தான்கள்கூட ஆடவில்லை. வீட்டுக்கு வந்து தோளை லேசாக அழுத்தியதும் உள்ளே மொறுமொறுவென்று ஒரு சத்தம். லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால், பேடாக இருந்த ஃபோம் முழுக்க மஞ்சள் பொடியாகிக் கிடந்தது. கையில் ஒட்டிக்கொண்டது, உதறினால் மூக்கில் ஏறியது. பாலியூரித்தேன் ஃபோமின் இயல்பு அது. பத்திரமாக வைத்தாலும் ஈரப்பதமும் காற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். பொடியைத் துடைத்தெடுத்துவிட்டுப் புது பேட் வைத்துத் தைத்தேன், ஜாக்கெட் பிழைத்துக்கொண்டது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாங்கும்போதே தோளை விரலால் அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

காலணிக்கும் இதே கதைதான், ஆனால் அதைச் சரிசெய்ய முடியாது. அசல் 80-களின் விளையாட்டுக் காலணிகளில் பலவற்றின் நடு அடிப்பாகம் இதே வகைப் பொருள். அலமாரியில் பார்க்கப் புதுசு போல இருக்கும், பத்து நிமிடம் நடந்தால் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிரும். காலணியை மட்டும் புதுசாகவே வாங்குங்கள், அன்றைய பல வடிவங்கள் இன்றும் தயாரிப்பில் இருக்கின்றன. நீளும் துணிகளையும் அசலாக வாங்க வேண்டாம். அந்தக் கால லியோடார்ட் (உடம்போடு ஒட்டும் ஒற்றை உடற்பயிற்சி உடை), டைட்ஸ், எலாஸ்டிக் வைத்த பாவாடை எல்லாம் இழுத்தால் மீளாது, சில சமயம் 'டப்'பென்று அறுந்துவிடும். பிளேசரின் முன் காலரில் குமிழ் குமிழாக எழும்பியிருந்தால் விறைப்புக்காக உள்ளே ஒட்டிய கேன்வாஸ் துணி பிரிந்துவிட்டது என்று பொருள், இஸ்திரியில் அது போகாது. கம்பளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டைகளைப் பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் கம்பளி, கனமான பருத்தி, டெனிம், தோல், பட்டு ஆகியவற்றைப் பழசாக வாங்கலாம். இழுபடுவதையும் மிதிபடுவதையும் புதுசாக வாங்க வேண்டும்.

இருப்பதைத் திருத்துவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ஓரளவு ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் ஒரு இடத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தங்களுக்குச் சரியாகப் பொருந்தும் இன்றைய பிளேசரை எடுத்து, உள்ளே கனமான தோள் பேட் வைத்துத் தைப்பார்கள். தோள் உயரும், ஆனால் அகலமாகாது. கைக்குழி இறுகும், கை மேலே இழுத்துக்கொள்ளும், கழுத்துக்குப் பக்கத்தில் துணி சுருங்கிக் குவியும். பார்த்தால் தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். காரணம் எளியது. அந்தக் கால ஜாக்கெட்டை வெட்டும்போதே தோளை அகலமாக வெட்டினார்கள், பேட் அந்த அகலத்தைத் தாங்கிப் பிடிக்க வந்தது. ஆகவே உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தைத் தாண்டி மூன்று நான்கு செ.மீ. வெளியே தோள்தையல் விழும் ஜாக்கெட்டாகப் பாருங்கள். ஒன்றிரண்டு அளவு பெரியதாக வாங்கலாம். ஆண்களுக்கான பிளேசர் இதற்கு அற்புதமாகப் பொருந்தும். அன்றைய பெண்களின் சூட் ஆண்களின் சூட்டைப் பார்த்து எழுந்ததுதானே.

இப்போது பேட். வீட்டிலேயே செய்யலாம். பழைய கம்பளிப் போர்வையிலோ தடித்த பஞ்சுத் தகட்டிலோ அரைவட்டத் துண்டுகள் மூன்று நான்கு வெட்டுங்கள், ஒவ்வொன்றும் முந்தையதை விடச் சிறிது. ஒன்றின் மேல் ஒன்றாக, நேர்விளிம்புகள் ஒன்றாகச் சேரும்படி அடுக்குங்கள். மேசையில் தட்டையாக வைத்துத் தைத்தால் பேடும் தட்டையாகத்தான் இருக்கும். இடது கையைக் கொஞ்சம் குவித்து அதன் மேல் அடுக்கை வைத்து, வளைவோடு வளைவாக நீளத் தையல் போடுங்கள். அப்போதுதான் தோளின் வளைவு அதற்குள் தங்கும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நேர்விளிம்பு கைக்குழித் தையலை ஒரு செ.மீ. தாண்டி கைக்குள் நிற்கும்படி ஊசி குத்தி, கண்ணாடியில் பக்கவாட்டாகவும் பாருங்கள். பேட் முன்னால் சரிந்திருந்தால் கூன் விழுந்தது போல் தெரியும். சரி என்று பட்டால் மூன்று இடத்தில் மட்டும், அதாவது தோள்தையலிலும் கைக்குழியின் முன்னும் பின்னும், உள்ளே இருக்கும் தையல் ஓரத்தோடு தளர்வாகப் பிடித்துத் தையுங்கள். வெளித்துணியில் ஊசி ஏறக் கூடாது, ஏறினால் சின்னக் குழி தெரியும். இறுக்கியும் தைக்கக் கூடாது, பேட் கொஞ்சம் அசைய வேண்டும்.

அப்புறம் இடுப்பு. பக்கத் தையலில் இருபுறமும் பிடித்துத் தைத்தால் மேலே அகலம், கீழே ஒடுக்கம் என்ற அந்த முக்கோணம் கிடைத்துவிடும். பெல்ட் போட்டாலும் சரி. பொத்தான்களை மாற்றுவதை மறந்துவிடாதீர்கள். பெரிய தங்க நிறப் பொத்தான்கள், துணி மூடிய பொத்தான்கள், இரண்டில் ஒன்று போதும். பழைய பொத்தான் சின்னதாக இருந்தால் காஜாவைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் டெய்லரிடம் கொடுத்துவிடலாம்.

ஜீன்ஸில் திருத்தம் அவ்வளவு பலிக்காது. இன்றைய ஜீன்ஸில் பெரும்பாலும் நீளும் இழை கலந்திருக்கிறது. அது உடம்போடு ஒட்டும், அன்றைய ஜீன்ஸ் உடம்பை விட்டுத் தள்ளி நின்றது. முழுப் பருத்தியில், தொப்புள் உயரத்துக்கு வரும் இடுப்போடு, தொடையில் தாராளமாகவும் கணுக்காலில் ஒடுங்கியும் இருக்கும் ஜீன்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஆசிட் வாஷ் வேண்டுமென்றால் நீங்களே செய்யலாம். தொழிற்சாலையில் ப்ளீச் ஊறிய நுரைக்கல்லோடு ஈரம் இல்லாத ஜீன்ஸைப் போட்டு உருட்டினார்கள், அதனால்தான் மேடான இடங்களில் மட்டும் வெளுத்து அந்த மேகத் திட்டுகள் வந்தன. வீட்டில் ஜீன்ஸை அப்படியே ப்ளீச்சில் முக்கினால் அது வராது, சீராக வெளுத்துவிடும். தண்ணீர் கலந்த ப்ளீச்சில் கடற்பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கசக்கிய ஜீன்ஸின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்ய வேண்டும். ப்ளீச்சோடு வினிகரோ அமோனியாவோ எந்தக் காரணத்துக்காகவும் சேரக் கூடாது, நச்சு வாயு வரும். நீளும் இழை கலந்த ஜீன்ஸில் இதைச் செய்தால் அந்த இழை செத்து முட்டி தொங்கிவிடும்.

ஸ்வெட்ஷர்ட் மட்டும் திருத்துவதற்கென்றே பிறந்தது. 1983-ல் வந்த 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்தால் உலகம் முழுக்கப் பரவிய அந்த ஒரு தோள் வெளியே தெரியும் மேலுடை, கழுத்தை வெட்டிய ஸ்வெட்ஷர்ட்தான். சாம்பல் நிறத்தில், பருத்தி அதிகமுள்ள, இரண்டு அளவு பெரிய ஒன்றை எடுத்து, கழுத்துப் பட்டைக்கு ஒரு செ.மீ. வெளியே சுற்றி வெட்டுங்கள். முதலிலேயே நிறைய வெட்டிவிடாதீர்கள். ஒருமுறை துவைத்துக் காயவைத்தால் ஓரம் தானாகச் சுருண்டு, கழுத்து இன்னும் விரியும். அதற்குப் பிறகும் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம். ஓரத்தை மடித்துத் தைத்தால் அதன் அழகே போய்விடும்.

புதிதாகத் தைப்பது

தையலில் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். பஃப் கை வைத்த டஃபேட்டா கவுன், வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லக்ரோவா 80-களின் பிற்பகுதியில் பிரபலமாக்கிய உப்பிய குட்டைப் பாவாடை, நியூ ரொமான்டிக் சட்டை ஆகிய மூன்றும் தைத்தால்தான் சரியாக வரும். இவற்றின் உயிர் துணியின் அளவில் இருக்கிறது. கைக்கு இரண்டு மடங்கு துணி விட்டுச் சுருக்கம் வைத்தார்கள். இன்றைய உடையைத் திருத்தி அந்தத் துணியை வரவழைக்க முடியாது. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக், வோக் நிறுவனங்களின் அந்தக் காலத் தையல் பாட்டர்ன்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கிடைத்தால் வாங்குங்கள். அதில் உடம்பளவுக்கு மேல் விட்டிருக்கும் தளர்வைப் பார்த்து பயந்து குறைத்துவிடாதீர்கள், அந்தத் தளர்வில்தான் அன்றைய வடிவமே இருக்கிறது. முதலில் மலிவுத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பது அவசியம். மூன்று நான்கு வாரமாவது கையில் வேண்டும்.

தோற்றத்தை வைத்துப் பார்த்தால்

அலுவலக சூட் என்றால் அசல் பழசு முதலிடம், திருத்திய பிளேசர் மிக நெருங்கிய இரண்டாமிடம். தைப்பதை யோசிக்கவே வேண்டாம், ஒரு பிளேசரைத் தைத்து முடிப்பது அனுபவசாலிக்கே பெரிய வேலை. உள்ளே கழுத்தில் பெரிய முடிச்சு வைத்த பிளவுஸ், காதில் கிளிப் காதணி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உடற்பயிற்சித் தோற்றம் என்றால் எல்லாமே புதுசு. நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ வந்த 1982-ல்தான் ரீபாக் பெண்களுக்கென்று ஃப்ரீஸ்டைல் காலணியைக் கொண்டுவந்தது, இந்த இரண்டையும் வைத்து வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் டைட்ஸ், அதன் மேல் இடுப்பெலும்பு வரை ஏறிய லியோடார்ட், மெல்லிய பெல்ட். லெக் வார்மர் வாங்கத் தேவையில்லை, பழைய ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் வெட்டி மேல் ஓரத்தை மடித்துத் தைத்தால் போதும். கணுக்காலில் குவித்து விடுங்கள், முட்டி வரை இழுத்துவிடாதீர்கள்.

ஆண்களுக்கு மிகக் குறைந்த வேலையில் மிகத் தெளிவான பலன் தருவது 1984-ல் தொடங்கிய 'மயாமி வைஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தோற்றம். வெளிர் நிற டிஷர்ட், அதன் மேல் உள்ளே கேன்வாஸ் இறுக்கம் இல்லாத லினன் ஜாக்கெட், கைகளை முழங்கை வரை தள்ளிவிட்டு, காலுறை இல்லாமல் லோஃபர் (கயிறு கட்டாத தோல் காலணி). ஜாக்கெட்டை இந்த மாதிரி மென்மையாக்கியதில் வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே பேட் அடக்கமாக இருக்க வேண்டும். கைகளை மடிக்காமல் தள்ளுங்கள், மடித்தால் வேறு காலமாகிவிடும்.

ஹிப்-ஹாப் தோற்றத்துக்கு ரன்-டிஎம்சி குழுவைப் பாருங்கள். 1986-ல் அவர்கள் தங்கள் காலணியைப் பற்றியே ஒரு பாட்டு பாடினார்கள். அடிடாஸ் சூப்பர்ஸ்டார் காலணி, கயிறு இல்லாமல், நாக்கு வெளியே நீட்டியபடி. கருப்புத் தொப்பி, ட்ராக் சூட், கயிறு போல் முறுக்கிய தடித்த தங்கச் சங்கிலி. காலணி இன்றும் கிடைக்கிறது, ட்ராக் சூட்டும் கிடைக்கிறது, தைக்க ஒன்றுமில்லை. ஆனால் ட்ராக் சூட் உடம்போடு ஒட்டக் கூடாது.

மடோனாவின் 1984 தோற்றத்தை நான் மிகவும் விரும்புகிறேன், ஏனென்றால் அதுவே வீட்டில் செய்ததின் அழகு. லேஸ் மேலுடை, விரல் வெட்டிய லேஸ் கையுறை, முடியில் கிழித்த துணியைக் கட்டிய முடிச்சு, மாரிபோல் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய ரப்பர் வளையல்கள் அடுக்கடுக்காக. இதில் திருத்துவதும் அடுக்குவதும்தான் வேலை. ஒவ்வொரு பொருளும் வேறு வேறு இடத்திலிருந்து வந்ததாகத் தெரிய வேண்டும். ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்தது போல் பொருத்தமாக இருந்தால் கெட்டது.

கையில் ஒரு மாலை மட்டுமே இருக்கிறது என்றால் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் கேதரின் ஹாம்னெட்டின் வாசக டிஷர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1983-ல் அவர் வெள்ளையில் மிகப் பெரிய கருப்பு எழுத்துகளோடு கொண்டுவந்தார். 1984-ல் அமெரிக்க ஏவுகணைக்கு எதிரான வாசகத்தோடு அதே மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரோடு கைகுலுக்கினார். தொடை வரை வரும் பெரிய வெள்ளை டிஷர்ட், துணி பெயின்ட், அட்டையில் வெட்டிய எழுத்துகள், இரண்டு மணி நேரம். எழுத்து மார்பு முழுக்க, ஒரு தோளிலிருந்து இன்னொரு தோள் வரை நிரம்ப வேண்டும். நீங்கள் உண்மையாகவே நம்பும் ஒரு வாசகத்தை எழுதுங்கள், அவர் செய்ததும் அதுதான்.

முடியும் சில்லறையும்

எந்த வழியில் உடை வந்தாலும் முடி இன்றைய முடியாக இருந்தால் பாதி வேலை வீண். ஈர முடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் போட்டு இரவு தூங்கி, காலையில் பிரித்தால் பெர்ம் போன்ற அடர்த்தி வரும், சூடும் ரசாயனமும் வேண்டாம். பிரித்த பின் சீவக் கூடாது, தலையைக் கவிழ்த்து விரலால் உதறி ஸ்ப்ரே அடியுங்கள். புருவத்தை மெல்லியதாக்காதீர்கள், அன்று அடர்த்தியான புருவம்தான் அழகு. கன்னச் சிவப்பைக் கன்னத்தின் நடுவில் வைக்காமல் எலும்பை ஒட்டி நெற்றிப்பொட்டு வரை ஏற்றுங்கள். கையில் ஸ்வாட்ச் கடிகாரம் கட்டினால் உங்கள் கதாபாத்திரம் 1983-க்கு அப்புறம் வாழ்கிறதா என்று பாருங்கள், அது வந்தது அந்த வருடம். வாக்மேன் 1979-லேயே வந்துவிட்டது, எந்த வருடத்துக்கும் பொருந்தும், இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், இரண்டு வாரம் இருக்கிறது, ஊசி பிடிக்கத் தெரியும் என்கிறவருக்கு 1984-ஐ வைத்துக்கொண்டு, ஆண்களின் கம்பளி பிளேசர் ஒன்றைப் பழசாகத் தேடி எடுத்து, பேடைப் புதிதாகச் செய்து, இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொல்வேன். பழசின் கனமும் புதுசின் உறுதியும் ஒரே உடையில் கிடைக்கும். ஒரு வாரம்தான் என்றால் மடோனா அல்லது மயாமி. தோளும் தையலும் பயமாக இருந்தால் வாசக டிஷர்ட்.

எதைச் செய்தாலும் விழாவுக்கு இரண்டு நாள் முன்பே முழுவதையும் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு மணி நேரம் இருங்கள். உட்காருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், கொஞ்சம் ஆடிப் பாருங்கள். கையை இறக்கிய பிறகும் தோள் காதுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்றால் பேடை ஒரு விரல் அளவு வெளியே தள்ளித் தைக்க இன்னும் நேரம் இருக்கிறது.